ஐந்தரை லட்சத்தில் ஓட்ட ஆசையாக ஒரு பழைய கார், விற்கும்போதும் கையைக் கடிக்காமல்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் இருக்கிறீர்கள். கையில் ஐந்தரை லட்சம், வாங்கப்போவது பழைய கார்தான். வீட்டில் மனைவி, ஆறு வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. மாதம் 800, 900 கிலோமீட்டர் ஓடும், அதில் ஒரு மலைப் பயணம் கட்டாயம் இருக்கும். ஓட்டும்போது சந்தோஷம் வேண்டும், மூன்று நான்கு வருடம் கழித்து விற்கும்போது பெரிய நஷ்டம் வரக் கூடாது. இதெல்லாம் ஒரே வண்டியில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

கிடைக்கும். 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட்டைப் பாருங்கள். பெட்ரோல், மேனுவல் கியர், சிங்கிள் ஓனர், கோவை அல்லது பக்கத்து மாவட்டத்துப் பதிவு. தெருவுக்கு நான்கு ஸ்விஃப்ட் நிற்கிறதே, இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா என்று தோன்றலாம். தெருவுக்கு நான்கு நிற்பதுதான் உங்களுக்கு லாபம். அந்தக் காரணம் புரிந்துவிட்டால், நாளைக்கு மனசு மாறிப் போலோவோ ஃபிகோவோ எடுத்தாலும் ஏமாறாமல் எடுப்பீர்கள்.

ரீசேல் வேல்யூ என்றாலே கம்பெனி பெயரைச் சொல்லிப் பேசுவது நம் வழக்கம். இருபது வருடமாகச் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வண்டி பார்த்துக் கொடுத்ததில் நான் புரிந்துகொண்டது இதுதான்: உங்களுக்கு அடுத்து வாங்க வருகிறவருக்கு எவ்வளவு பயமோ, அவ்வளவு விலை குறையும். ஸ்பேர் கிடைக்குமா, நம்ம ஊர் மெக்கானிக்குக்கு இந்த வண்டி தெரியுமா, கியர்பாக்ஸ் போனால் எவ்வளவு ஆகும், ஏன் மூன்று கை மாறியிருக்கிறது, இந்தக் கதவு மட்டும் ஏன் வேறு நிறமாகத் தெரிகிறது என்று அவர் மனதில் ஓடும் ஒவ்வொரு கேள்விக்கும் பத்தாயிரம், இருபதாயிரம் என்று உங்கள் கணக்கிலிருந்து கழியும். ஸ்விஃப்ட்டைப் பொறுத்தவரை முதல் மூன்று கேள்விகள் எழுவதே இல்லை. பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று எந்த ஊர் பட்டறையில் விட்டாலும் மெக்கானிக் போனட்டைத் திறக்கும் முன்பே கோளாறைச் சொல்லிவிடுவார். மீதிக் கேள்விகளுக்கு நீங்கள் வாங்கும் அன்றே பதில் தேடிக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

வயது எவ்வளவு இருக்கலாம்? ஐந்திலிருந்து ஏழு வருடம். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பை எப்படிக் குறைக்கிறார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். ஆறு மாதம் தாண்டினாலே 15 சதவீதம், ஒரு வருடம் தாண்டினால் 20, அப்புறம் 30, 40, நான்கு வருடம் முடிந்ததும் 50. சந்தை விலை அப்படியே இந்தக் கணக்கில் போகாது, நல்ல ஸ்விஃப்ட் இதைவிட மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் திசை அதுதான். பெரிய சரிவு முதல் நான்கு வருடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த நஷ்டத்தை முதல் ஓனர் தாங்கியாகிவிட்டது, ஆயுள் வரியும் அவர் கட்டியதுதான். அதற்குப் பிறகு வாங்குகிறவர் இழப்பது மிகவும் குறைவு. அதே சமயம் பத்து வருடத்தைத் தாண்டிய வண்டியையும் எடுக்காதீர்கள். நீங்கள் விற்கும்போது அது 15 வருடத்தை நெருங்கியிருக்கும். எஃப்சி, ஆர்சி புதுப்பிப்பு, பசுமை வரி எல்லாம் வாங்குபவர் தலையில் விழும் என்பதால் அங்கே விலை படியில் உருண்டதுபோல் விழும்.

இன்னொன்றும் கணக்கில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி, செஸ்ஸையும் சேர்த்து 29 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கத்தான் வேண்டும். ஆனால் விற்கிறவர்கள் பலர் தாங்கள் வாங்கிய பழைய விலையை வைத்தே இன்னமும் பேசுகிறார்கள். "அப்பவே எட்டு லட்சம் போட்டு எடுத்தேன் சார்" என்று ஆரம்பித்தால், அன்றைய விலையை விடுங்கள், அதே மாடல் இன்று ஷோரூமில் ஆன்ரோடு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

சரி, ஓட்டும் சந்தோஷத்துக்கு வருவோம். பெரிய இன்ஜின் இருந்தால்தான் வண்டி ஓட்ட நன்றாக இருக்கும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. நம் ரோட்டில் அந்தச் சக்தியைப் பயன்படுத்த இடம் எங்கே இருக்கிறது? இலேசான உடம்பும், சொன்ன பேச்சைக் கேட்கும் ஸ்டியரிங்கும், கை வைத்ததும் விழும் கியரும்தான் தினமும் அனுபவிக்கிற விஷயங்கள். இந்த ஸ்விஃப்ட் பெட்ரோலின் எடை சுமார் 870 கிலோ. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 83 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் விடியற்காலையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வளைவுக்கு முன்னால் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினால் இன்ஜின் குரல் ஏறும். வண்டி முகத்தைத் திருப்பி வளைவுக்குள் நுழையும், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துத் திருத்த வேண்டிய வேலையே இருக்காது. வெளியே வரும்போது பெடலை மிதித்தால் அடுத்த வளைவு வரை மூச்சு வாங்காமல் போகும். வேகமுள் நாற்பதைத் தாண்டியிருக்காது, ஆனால் உங்கள் முகத்தில் சிரிப்பு இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. அங்கே கனமான, அதிக சக்தியுள்ள வண்டியைவிட இது சுகம். இறங்கும்போதும் இரண்டாவது கியரிலேயே விட்டால் பிரேக் சூடாகாமல் வரும்.

2021 பிப்ரவரியில் வந்த ஃபேஸ்லிஃப்ட்டில், அதாவது அதே தலைமுறையின் மெருகேற்றிய மாடலில், இன்ஜின் 90 குதிரைத்திறனாக மாறியது. நல்ல இன்ஜின்தான். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அது கிடைத்தால் ஓட்டம் அதிகமாகவோ அடி வாங்கியதாகவோ இருக்க வாய்ப்புண்டு. சுமாரான 2021-ஐவிட சுத்தமான 2019 மேல். டீசல் வேண்டாம். மாதம் 900 கிலோமீட்டருக்கு டீசல் எடுத்தால் எரிபொருளில் மிச்சமாவதை டர்போவும் இன்ஜெக்டரும் ஒரே பில்லில் வாங்கிக்கொள்ளும். மேலும் மாருதி 2020 ஏப்ரலில் டீசலையே நிறுத்திவிட்டது. ஏஜிஎஸ் என்கிற ஆட்டோ கியர் ஊருக்குள் வசதி, மலையில் கியர் மாறும்போது தயங்கும். ஓட்டும் ஆசைக்காக வாங்குகிற உங்களுக்கு மேனுவல்தான் சரி.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின் சீட்டில் ஜன்னல் சின்னது, கொஞ்சம் இருட்டாக, அடைத்த மாதிரி இருக்கும். டிக்கி 268 லிட்டர், நான்கு பேரின் இரண்டு நாள் துணிக்குப் போதும், கல்யாண வீட்டுச் சாமானுக்குப் போதாது. அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், முடிந்தால் டிரைவர் சீட்டை உயர்த்தும் வசதி இருக்கிற மாடலாகவே எடுங்கள், உங்கள் மனைவி ஓட்டும்போது உதவும். இவற்றைவிட முக்கியம் பாதுகாப்பு. இந்தத் தலைமுறை ஸ்விஃப்ட்டில் எல்லா மாடலிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், குழந்தை சீட்டுக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கி எல்லாம் உண்டு. ஆனாலும் 2018 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டு நட்சத்திரம்தான் வாங்கியது. எடை குறைவு ஓட்டும்போது தரும் சந்தோஷத்துக்கு இங்கே ஒரு விலை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு நல்ல பூஸ்டர் சீட் வாங்குங்கள், பின் சீட்டில் பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். உங்களுக்குப் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மேல் என்றால் டாடா டியாகோ நான்கு நட்சத்திரம், அல்ட்ரோஸ் ஐந்து. இரண்டும் ஸ்விஃப்ட் அளவுக்குத் துள்ளலாகப் போகாது, ஆனால் அந்தக் காரணத்துக்காக அவற்றை எடுப்பவரை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன்.

மற்ற வண்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் இந்த விலையில் எனக்குப் பிடித்தது 2019-க்குப் பிந்தைய ஃபோர்டு ஃபிகோ. 1.2 பெட்ரோலில் 96 குதிரைத்திறன், 1.5 டீசலில் 100. சக்கரம் ரோட்டில் என்ன செய்கிறதென்று ஸ்டியரிங் வழியாகவே கைக்குத் தெரியும், மோசமான ரோட்டிலும் கெட்டியாகப் போகும். ஆனால் 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று சொன்னார்கள், வழக்கமான சாமான்கள் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் நான் முன்னால் சொன்ன பயம் வாங்குகிறவர் மனதில் உட்கார்ந்துவிட்டது. அதனால் வாங்கும்போது மலிவு, விற்கும்போதும் மலிவு. ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டப்போகிறேன் என்றால் ஃபிகோவே எடுங்கள் என்பேன். மூன்று வருடத்தில் விற்கிற உங்களுக்கு இல்லை.

ஃபோக்ஸ்வாகன் போலோவின் கதை வேறு. 2022-ல் நின்றுபோன பிறகும் அதற்கென்று ஆசைப்படுகிற கூட்டம் இருக்கிறது, அதனால் டிஎஸ்ஐ என்கிற டர்போ பெட்ரோல் இன்ஜின் உள்ள மேனுவல் வண்டிகளுக்கு விலை நன்றாகவே நிற்கிறது. 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ, 110 குதிரைத்திறன், மேட்டில் பாய்ந்து ஏறும். உங்கள் பட்ஜெட்டில் அதில் சுத்தமானது கிடைப்பது கஷ்டம். கிடைக்கிற பழைய ஜிடி டிஎஸ்ஐ-யில் டிஎஸ்ஜி என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் இருக்கும். அந்த டிரை கிளட்ச் கியர்பாக்ஸில், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் போய்விட்டால் செலவு லட்சத்தில் பேசும். பின் சீட்டும் நெருக்கம். அம்மாவுக்குச் சிரமம். மூன்று சிலிண்டர் சாதா பெட்ரோல் போலோவை எடுத்துவிட்டு "போலோ ஓட்டுகிறேன்" என்று திருப்திப்படுவதற்கு, ஸ்விஃப்ட்டே மேல்.

ஹோண்டா ஜாஸ் உங்கள் அம்மாவுக்குத்தான் பொருத்தமான வண்டி. குனியாமல் ஏறலாம், டிக்கி 354 லிட்டர். இன்ஜின் மென்மை, ஆனால் மலையில் கொஞ்சம் சோம்பல். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஓட்டெடுப்பு நடத்தினால் ஜாஸ் ஜெயிக்கக்கூடும், அப்படி ஜெயித்தால் வருத்தப்படாமல் எடுங்கள். ஐ20, பலேனோ எல்லாம் விலை நிற்கும், இடமும் உண்டு, ஓட்டும் ஆசையை ஸ்விஃப்ட் அளவுக்குத் தீர்க்காது.

இனி வண்டி பார்க்கும் வேலை. இதில்தான் உங்கள் காசு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன் என் அண்ணனுக்கு ஒரு செடான் பார்த்தோம். மீட்டரில் 48,000. வண்டி பளபளவென்று இருந்தது, புரோக்கர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார், நானும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து டாஷ்போர்டு பெட்டியின் பின்னால் விழுந்து கிடந்த ஒரு சர்வீஸ் ரசீது கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, ஓட்டம் 1,12,000. அன்று கிளட்ச் பெடல் ரப்பரைக் குனிந்து பார்த்திருந்தால் வரி வரியாக இருக்க வேண்டிய இடம் மழுங்கிப் போயிருந்தது தெரிந்திருக்கும். அண்ணன் அதை விற்றபோது நாங்கள் விட்டது ஒரு லட்சத்துக்கு மேல். அதற்குப் பிறகு மீட்டரை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் பெடல், ஸ்டியரிங் தோல், கியர் குமிழ், டிரைவர் சீட்டின் வலது ஓரம். இவை சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஸ்விஃப்ட்டில் ஒரு வசதி, பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விட்டிருப்பார்கள். ஓனரையும் கூட அழைத்துக்கொண்டு போய்ப் பழைய ஜாப் கார்டுகளைக் கேளுங்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் ஓட்டம் எவ்வளவு என்று வரிசையாகத் தெரிந்துவிடும். அழைத்துப் போக மறுக்கிற ஓனர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காலையில் போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க வார்ம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போனட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனியில் முடுக்கிய பிறகு பெயின்ட் அடித்ததால் போல்ட் தலையிலும் பெயின்ட் முழுசாக இருக்கும். மூலையில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு தெரிந்தால் ஸ்பேனர் ஏறியிருக்கிறது, ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதே குற்றம் இல்லை. நம் ஊரில் பம்பரும் ஃபெண்டரும் உரசாத வண்டி எங்கே இருக்கிறது? ஆனால் அதற்கு உள்ளே இருக்கிற ஏப்ரன் என்கிற உள் தகடும், கதவைத் திறந்தால் தெரிகிற பில்லர் என்கிற தூணும் தட்டிப் பட்டி பார்த்திருந்தால் அது பெரிய அடி. விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால், அடியில் கம்பெனி வெல்டிங்கின் வட்டப் புள்ளிகள் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் பொறித்திருக்கிற வருடக் குறி ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் வரும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் சென்னையில் நனைந்த கார்கள் கொங்கு நாடு வரை வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் அந்த அடிப்பகுதியில் காவி நிறக் கோடு படிந்திருந்தால் தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது. சீட்டை வாட்டர் வாஷ் செய்யலாம், பெல்ட்டின் அடிவரை யாரும் கழுவுவதில்லை. ஸ்டெப்னி குழியில் மண் இருக்கிறதா, முன்சீட் தண்டவாளத்துப் போல்ட்டில் துரு இருக்கிறதா என்றும் கை விட்டுப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, ஜன்னலை இறக்கி, ஒரு ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஸ்விஃப்ட்டில் டக் டக் என்று கேட்டால் பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ் போன்ற சஸ்பென்ஷன் சாமான்தான், பயப்பட ஒன்றும் இல்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். கிளட்ச் மிக மேலே பிடித்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அதையும் குறைத்துக்கொள்ளலாம். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 1822 என்றால் 2022-ன் 18-வது வாரம். 30,000 ஓடிய வண்டி என்று சொல்லிவிட்டு நான்கு டயரும் புதுசாக இருந்தால், முதல் செட் ஏன் மாறியது என்று கேளுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. ஆர்சியில் லோன் குறிப்பு இருந்தால் கடன் முடிந்ததற்கான வங்கி என்ஓசி-யும், லோன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் தெரியும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அவரோடு போய்விடும், ஆகவே பிரீமியத்தில் வித்தியாசம் கட்ட வேண்டியிருக்கும், அதையும் பட்ஜெட்டில் வையுங்கள். டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே கெடுபிடி இருந்துவந்ததால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். என்ஓசி, இங்கே ஆயுள் வரி, மறுபதிவு என்று எல்லாம் சேர்த்தால் மலிவும் போய்விடும், விற்கும்போது "வெளி மாநில வண்டியா?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

வாங்கிய பிறகு ஒரே ஒரு ஆசையை நிறைவேற்றிக்கொள்ளலாம். விஎக்ஸ்ஐ என்கிற நடுத்தர மாடலை எடுத்தால் 165/80 ஆர்14 டயர் இருக்கும், மேல் மாடலில் 185/65 ஆர்15. இரண்டுக்கும் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் 15 அங்குல ரிம்மும் அகல டயரும் போட்டால் மீட்டர் கணக்கு கெடாது, மலை வளைவில் பிடிமானம் நன்றாகத் தெரியும். பழைய ரிம்களைக் கழுவித் துடைத்து மாடியில் போட்டு வையுங்கள், விற்கும் அன்று திரும்ப மாட்டிவிடலாம். வண்டியைத் தாழ்த்துவது, சைலன்சரை மாற்றுவது, கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது எதுவும் வேண்டாம். அதைப் பார்த்ததும் வாங்க வருபவர் வண்டியை எப்படி ஓட்டியிருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஐந்தரையில் 30,000 ரூபாயைத் தொடாமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஐந்து லட்சத்து இருபதாயிரத்துக்குள் வண்டியைத் தேடுங்கள். அந்த முப்பதில் முதல் வாரமே இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, தேவைப்பட்டால் பேட்டரியும் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பில்லையும் ஒரு ஃபைலில் தேதி வாரியாகச் சேருங்கள். நான்கு வருடம் கழித்து ஒருவர் வந்து பெடல் ரப்பரைக் குனிந்து பார்க்கும்போது, அந்த ஃபைலை அவர் கையில் கொடுங்கள்.